ஆட்டம் அவர்களுடையது, கதை யாருடையது? ‘கென்னடி கிளப்’ படத்தின் நிறைகுறைகள் பற்றி ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மேலைநாடுகளில் ஸ்னோபோர்டு படம் என்று ஒரு தனி வகையே உண்டு. பனிமலைச் சரிவில் ஒற்றைப் பலகைமேல் நின்று இறங்குகிறவர்களைக் குளிர்காலம் முழுவதும் கேமராவோடு பின்தொடர்ந்து எடுப்பார்கள். அவற்றில் பெண்களுக்கு வெகுகாலம் கிடைத்ததெல்லாம் ஒன்றிரண்டு நிமிடம்தான். அந்த நிலை பொறுக்காமல் பெண்களே கூடிப் படமெடுக்கத் தொடங்கினார்கள். பனிச்சறுக்கில் லின்சி டையர் 2014இல் ‘ப்ரெட்டி ஃபேசஸ்’ எடுத்தார். ஸ்னோபோர்டில் கனடாவின் லியன் பெலோசி முதலானோர் 2016இல் ‘ஃபுல் மூன்’ கொண்டுவந்தார்கள். இப்படங்கள் வரும்போதெல்லாம் விமர்சகனுக்கு ஒரே தடுமாற்றம்: பெண்கள் மட்டுமே ஆடுகிறார்கள் என்பதற்காகத் தட்டிக்கொடுப்பதா, அல்லது மற்ற படங்களை நிறுக்கும் அதே தராசில் வைப்பதா?

திண்டுக்கல் சமவெளியில் பனி விழாது. ஆனால் இந்தத் தடுமாற்றத்தைத் தரக்கூடிய படம் ஒன்று இந்த மாவட்டத்து மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. சுசீந்திரன் எழுதி இயக்கி 2019 ஆகஸ்ட் 22 அன்று வெளியான ‘கென்னடி கிளப்’ ஒட்டன்சத்திரத்துப் பெண்கள் கபடி அணி ஒன்றின் கதை. பாரதிராஜாவும் சசிகுமாரும் பயிற்சியாளர்கள், இசை டி. இமான். ஆட்டக்காரிகளாக வருபவர்களில் பெரும்பாலோர் களத்தில் உண்மையாகவே கபடி ஆடிய பெண்கள்.

வெளியான நாட்களில் இப்படத்தைப் பற்றிப் பேசியவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். பெண்களின் விளையாட்டை எடுத்ததே பெரிது என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். ஏற்கெனவே பார்த்த சட்டகம்தானே என்று மறுசாரார் ஒதுக்கினார்கள். இரண்டு பேச்சிலும் ஆட்டத்துக்கு இடமில்லை. கபடி என்ன கேட்கிறது, படம் அதில் எவ்வளவு கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் அளவுகோல். பெண்கள் படம் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் கிடையாது, தண்டனையும் கிடையாது. வசூல், நட்சத்திரச் சந்தை, பாடல்களின் வெற்றி ஆகியவை இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

2. ஊரும் ஆட்டமும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி சாலையில் மேற்கே போனால் ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். முருங்கையும் தக்காளியும் இங்கிருந்து லாரியேறிக் கேரளம் போகும். மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1985இல் தனி மாவட்டமான திண்டுக்கல்லின் இந்தச் சமவெளிப் பக்கம் மானாவாரிக் காடும் கிணற்றுப் பாசனமும் நூற்பாலையும் கலந்த பூமி. ஊர்த் திருவிழா முடிகிற வாரங்களில் சுவரொட்டிகளில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற வரியைக் காணலாம். பகல் வெயிலில் வேலை, இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம்.

மட்டையும் பந்தும் வலையும் இல்லாத ஆட்டம் என்பதால் கபடி ஏழையின் ஆட்டம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. பையன்களைப் பொறுத்தவரை அது சரி. பெண்பிள்ளைக்கோ கபடி மலிவான ஆட்டமே அல்ல. இரவுப் போட்டிக்கு வேன் பிடித்துப் போக வேண்டும். கூடத் துணை வேண்டும். அரைக்கால் சட்டை போடுவதற்கு வீட்டில் சம்மதம் வாங்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கோ மில்லுக்கோ போயாக வேண்டும். மண்ணில் பழகிய கால் ‘மேட்’ விரித்த தரையில் வேறு மாதிரி நிற்கும். ஆகவே மேல்மட்டப் போட்டிக்குப் போக நினைப்பவளுக்கு மேட்டும் அதற்கேற்ற ஷூவும் தேவைப்படுகின்றன. செலவுக் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

சர்வதேச அளவிலும் பெண்களின் கபடி பின்னால்தான் வந்து சேர்ந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கபடி 1990இல் பெய்ஜிங்கில் இடம்பெற்றது. பெண்கள் கபடி இருபது ஆண்டு கழித்து 2010இல் குவாங்சோவில்தான் நுழைந்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் ஆண்களைத் தொலைக்காட்சி நட்சத்திரங்கள் ஆக்கியது. பெண்களுக்கு 2016இல் ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் திவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என்று மூன்றே அணிகளை வைத்து ஒரு வெள்ளோட்டம் நடத்தினார்கள். அதன் இறுதியாட்டம் 24–23 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. அவ்வளவு விறுவிறுப்பாக முடிந்த போட்டிக்கு மறு ஆண்டு தொடர்ச்சி இல்லை.

களத்தின் அளவையும் நேரத்தையும் சொல்லிவிட்டு மேலே போகலாம். பின்னால் இவை தேவைப்படும். பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆட்டம் 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட இடைவேளை. எதிரணிக் களத்துக்குள் போய்த் திரும்பும் ஒரு ‘ரைடு’ 30 வினாடி. பக்கத்துக்கு ஏழு பேர். ‘கபடி, கபடி’ என்ற பாட்டு நிற்கக் கூடாது, நடுவர் காதில் விழ வேண்டும்.

3. நிறைகள்

3.1 உடலின் சான்று

இப்படத்தின் முதல் வலிமை நடிகர் தேர்வில் இருக்கிறது. கபடியை நடித்துக் காட்டுவது கடினம். கிரிக்கெட்டில் மட்டை வீசுவதையும் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டுவதையும் தனித்தனியே எடுத்து ஒட்டிவிடலாம். கபடியில் ஒட்டுவதற்கு இடமில்லை. கணுக்காலைப் பிடிக்கிற கை, அந்தப் பிடியிலிருந்து உருவிக்கொள்கிற கால், மேலே வந்து விழுகிற நான்கு பேரின் கனம், இவை எல்லாம் ஒரே நொடியில் ஒரே சட்டகத்துக்குள் நடக்கின்றன. பழகாத உடல் இதில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழகாதவள் விழுவதற்கு முன்பே விழப்போகும் இடத்தைப் பார்ப்பாள். ஆட்டக்காரியின் கண் எதிராளியின் இடுப்பில் இருக்கும்.

‘கென்னடி கிளப்’ ஆட்டக்காட்சிகளில் அந்தக் கண் இருக்கிறது. மூலையில் நிற்பவள் சங்கிலி பிடித்து முன்னேறும்போது பக்கத்தில் நிற்பவளின் விரலைப் பார்க்காமலே பற்றுவது, ரைடர் நடுக்கோட்டைத் தாண்டியதும் குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் நகர்வது, பிடி விழுந்தபின் தரையோடு தரையாக நடுக்கோட்டை நோக்கிக் கை நீட்டுவது ஆகியவற்றை ஒரு மாதப் பயிற்சியில் நடிகைக்குக் கற்றுக்கொடுக்க முடியாது. தோளும் தொடையும் ஆடி உருவான தோளும் தொடையும். கதாநாயகி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தமிழ்த் திரை வைத்திருக்கும் அளவுச்சட்டத்துக்கு அவை அடங்குவதில்லை. சுசீந்திரனின் துணிச்சல் இந்த இடத்தில் மெய்யானது. நடிகை மீனாட்சி கோவிந்தராஜனையும் ஆட்டக்காரிகளின் நடுவே நிறுத்திப் பயிற்சி கொடுத்தே ஆட வைத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. களத்தில் சிங்கமாக இருப்பவர்கள் வசனம் பேசும்போது தயங்குகிறார்கள். ஆனால் அதைக் குறையாக எழுத எனக்கு மனமில்லை. தயங்கிப் பேசுகிற ஆட்டக்காரி நம்பக்கூடியவள்; சரளமாகப் பேசிவிட்டுக் களத்தில் பொய்யாக விழுகிறவள் நம்பமுடியாதவள். பெண்கள் ஹாக்கி பற்றிய ‘சக் தே இந்தியா’வும் 2007இல் ஆட்டம் தெரிந்தவர்களையும் நடிகைகளையும் கலந்தே அணியைக் கட்டியது. 2016இல் சுதா கொங்கரா ‘இறுதிச்சுற்று’க்குக் கிக்பாக்சரான ரித்திகா சிங்கைக் கொண்டுவந்தபோது கிடைத்த பலனும் இதே வகைதான்.

3.2 திண்ணையிலிருந்து களத்துக்கு

சுசீந்திரனின் முதல் படமான ‘வெண்ணிலா கபடிக்குழு’ 2009இல் வந்தது. அதுவும் இதே வட்டாரம், இதே ஆட்டம். கபடி ஆடிய தந்தையின் நினைவில் பிறந்த படம் அது. ஆனால் அங்கே கபடி முழுக்க ஆண்களுடையது. நாயகி திருவிழாவுக்கு வந்த விருந்தாளி. நாயகனைப் பார்க்கிறாள், காத்திருக்கிறாள், தேடுகிறாள். அவளுடைய பெயரைக்கூட நாயகன் அறிவதில்லை. அந்தப் படத்தின் சோகத்துக்கு அது தேவைப்பட்டது என்பது வேறு விஷயம்.

பத்தாண்டு கழித்து அதே இயக்குநர் அதே மண்ணில் பெண்ணைப் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுப்பி நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார். ஒரு படைப்பாளியின் வளர்ச்சியை அளப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். காதல் பாட்டுக்காக ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பழக்கமும் ‘கென்னடி கிளப்’பில் குறைவு. ஆட்டக்காரியின் வாழ்வில் காதல்தான் நடுவம் என்று படம் எண்ணவில்லை. தமிழில் இது சின்ன விஷயமல்ல.

3.3 பணத்தைப் பற்றிப் பேசுதல்

விளையாட்டுப் படங்கள் பெரும்பாலும் திறமையைப் பற்றிப் பேசும், பணத்தைப் பற்றி வெட்கப்படும். இப்படம் வெட்கப்படவில்லை. அணி எப்படிச் சாப்பிடுகிறது, போட்டிக்குப் போகக் காசு எங்கிருந்து வருகிறது, தேசிய அணியில் இடம் வாங்க என்ன விலை கேட்கிறார்கள் என்ற கேள்விகள் கதையின் முதுகெலும்பாகவே இருக்கின்றன. இந்தச் சமவெளியின் பெண்பிள்ளைக்குக் கபடி பொழுதுபோக்கல்ல. மாநில அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் ஆட்டக்காரிகளை வேலைக்கு எடுக்கின்றன. தேசியப் பெண்கள் கபடியில் ரயில்வே அணி பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்ததற்கும் இதுவே காரணம்: நன்றாக ஆடுகிறவள் எந்த மாநிலத்துக்காரியாக இருந்தாலும் சம்பளம் தருகிற இடத்துக்குப் போய்ச் சேர்கிறாள். கோப்பைக்குப் பின்னால் ஒரு பணி நியமன ஆணை இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட படம் என்ற வகையில் ‘கென்னடி கிளப்’ தன் காலத்துப் பிற படங்களைவிட ஊருக்கு நெருக்கமானது.

4. குறைகள்

4.1 முடிவெடுக்கும் இடம்

மேலே சொன்ன நேரக் கணக்கு இங்கே உதவும். பெண்கள் ஆட்டம் 30 நிமிடம். ரைடு ஒன்றுக்கு 30 வினாடி. ஒரு ஆட்டத்தில் இருபக்கமும் சேர்த்து ஏறக்குறைய அறுபது ரைடு என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் அணியைக் கூட்டிப் பேசுவதற்கு விதி தருவது ஒவ்வொரு பாதியிலும் இரண்டு ‘டைம் அவுட்’, ஒவ்வொன்றும் 30 வினாடி. அதாவது நான்கு முறையும் சேர்த்து இரண்டு நிமிடம், அதோடு இடைவேளை. மற்ற நேரமெல்லாம் அறிவு களத்துக்குள்தான் இருக்கிறது. போனஸ் கோட்டுக்குப் போவதா திரும்புவதா, இரண்டு ரைடு வெறுங்கையோடு வந்தபின் மூன்றாவதில் யாரை அனுப்புவது, மூன்று பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது சூப்பர் டேக்கிளுக்குத் துணிவதா பின்வாங்குவதா என்பதையெல்லாம் அந்த நொடியில் தீர்மானிப்பவர்கள் கேப்டனும் ஆட்டக்காரிகளும்தான். கபடி அப்படிப்பட்ட ஆட்டம்.

படம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சவரிமுத்துவும் அவரிடம் முன்பு பயின்ற முருகானந்தமும் சேர்ந்துதான் கதையை நகர்த்துகிறார்கள். சோர்வு வந்தால் அவர்கள் தேற்றுகிறார்கள். அவமானம் வந்தால் அவர்கள் கொதிக்கிறார்கள். பணம் வேண்டுமென்றால் அவர்கள் புரட்டுகிறார்கள். அணிக்குள் ஒரு கருத்து வேற்றுமை எழுந்து, ஆட்டக்காரிகளே பேசித் தீர்த்து, அதன் விளைவாக ஆட்டத்தின் போக்கு மாறுகிற காட்சியைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. குருவுக்கும் சீடனுக்கும் இடையிலான பாசமும் பிணக்கும் படத்தின் உணர்ச்சி மையத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பாரதிராஜாவை அந்த வேடத்தில் பார்ப்பது இன்பம்தான். கிராமத்து முகங்களைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தவர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியாளராக நிற்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. ஆனால் அந்த இன்பத்துக்காக ஏழு பெண்களின் இடம் சுருங்கிவிட்டது.

நட்சத்திரம் இல்லாமல் படம் விற்காது, என்ன செய்வது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. சசிகுமாரை வைத்துக்கொண்டே வேறு விதமாகவும் எழுதியிருக்கலாம் என்பதுதான் என் வாதம். பயிற்சியாளர் தவறான யோசனை சொல்லி, கேப்டன் அதை மீறி, அவள் மீறியதே சரி என்று ஆட்டம் காட்டியிருந்தால் போதும். ஒரே ஒரு காட்சி. அப்படி ஒன்று நட்சத்திரத்தைச் சிறிதாக்காது, ஆட்டக்காரியைப் பெரிதாக்கும்.

4.2 ஏழு பேரும் ஒருத்தியாதல்

படம் பார்த்து முடித்தபின் பெயர் சொல்லி நினைவுகூரக்கூடிய ஆட்டக்காரிகள் எத்தனை பேர்? கபடியில் ஏழு பேரும் ஒன்றல்ல. இடது மூலை, வலது மூலை, கவர், நடு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது. மூலையில் நிற்பவள் பொறுமைசாலியாக இருந்தே தீர வேண்டும். அவசரப்பட்டுக் கணுக்காலுக்குப் பாய்ந்தால் புள்ளி போய்விடும். கவரில் நிற்பவள் மோதுவதற்குத் தயங்காதவள். ரைடர்களிலும் நீளக் கால் கொண்டு போனஸ் எடுப்பவள் ஒரு வகை, கூட்டத்துக்குள் புகுந்து கலைத்துவிட்டு வருபவள் இன்னொரு வகை. பாத்திர வார்ப்புக்கு வேண்டிய எல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே தயாராக இருக்கிறது. ‘சக் தே’ பதினாறு பெண்களுக்கும் இடம் கண்டுபிடிக்கவில்லைதான். ஆனால் கோமல் சௌதாலாவும் பிரீத்தி சபர்வாலும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொடுக்க மறுக்கும் பிணக்கை ஆட்டத்தின் பிணக்காகவே அது எழுதியது. அந்தப் பாஸ் கைமாறும்போது கதையும் திரும்பியது.

‘கென்னடி கிளப்’ ஆட்டக்காரிகளுக்கு ஆட்டத்தின் வழியே குணம் தராமல் துயரத்தின் வழியே தருகிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீட்டுக் கஷ்டம். கஷ்டங்கள் உண்மையானவைதான், ஆனால் துயரம் மனிதரைப் பிரித்துக்காட்டுவதைவிட ஒன்றுபோல் ஆக்குவதே அதிகம். பத்துப் பேர் அழுதால் பத்தும் ஒரே அழுகையாகக் கேட்கிறது.

4.3 ஒற்றை வில்லன்

முரளி சர்மா நடித்த வடநாட்டுத் தேர்வாளர் லஞ்சம் கேட்கிறார். திறமையுள்ள பெண்ணுக்கு இந்திய அணியில் இடம் மறுக்கப்படுகிறது. கடைசியில் ஆட்டக்களமே அவருக்குப் பதில் சொல்கிறது. இது கற்பனை மிகுந்த கதை என்று நினைத்தவர்கள் 2018ஆம் ஆண்டுச் செய்திகளைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டிக்கான கபடி அணிகளைத் தேர்ந்தெடுத்ததில் முறைகேடு என்று முன்னாள் வீரர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். கபடிக் கூட்டமைப்பின் தலைமை ஒரு குடும்பத்துக்குள்ளேயே கைமாறியதைச் செல்லாது என்று கூறிய நீதிமன்றம், நிர்வாகி ஒருவரை நியமித்தது. தேர்வானவர்களும் தேர்வாகாதவர்களும் மோதிப் பார்க்கட்டும் என்று செப்டம்பர் 15இல் ஒரு போட்டிக்கும் ஏற்பாடானது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பார்வையாளராக வந்தார். ஆசியப் போட்டிக்குப் போய்வந்த அணி களத்துக்கு வரவேயில்லை.

திரைக்கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் படம் அமைப்பின் நோயை ஒரு மனிதனின் கெட்ட குணமாகச் சுருக்கிவிடுகிறது. அதற்கு மேல் அவனை வடக்கத்தியான் ஆக்கியதால் பார்வையாளனின் கோபம் சுலபமான வாய்க்காலில் ஓடிவிடுகிறது. தேர்வு முறை எப்படி இயங்குகிறது, மாவட்டச் சங்கத்தில் தொடங்கி மாநிலச் சங்கம் வரை யார் பெயரை யார் அனுப்புகிறார்கள், ஒரு கிராமத்துக் கிளப்பின் ஆட்டக்காரி முதலில் எந்தப் படியில் தடுக்கப்படுகிறாள் என்பவை படத்தில் இல்லை. லஞ்சம் டெல்லியில்தான் தொடங்குகிறது என்று நம்புவது நமக்கெல்லாம் வசதியாக இருக்கிறது.

4.4 ஒலி

சிறு குறைதான். கபடியின் தனித்தன்மை பாட்டு. மூச்சுதான் கடிகாரம். தமிழ்க் கபடிப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே முக்கியமான ரைடில் பின்னணி இசையை உயர்த்தி, வர்ணனையாளரின் குரலையும் மேலே போட்டுப் பாட்டை மூடிவிடுகின்றன. இப்படமும் விலக்கல்ல. ஒரே ஒரு ரைடையாவது ஆட்டக்காரியின் குரலும் மேட்டில் உரசும் கால் சத்தமும் மட்டும் கேட்க விட்டிருக்கலாம்.

5. ஸ்னோபோர்டு படங்கள் சொல்லித் தருவது

‘ஃபுல் மூன்’ போன்ற படங்களைத் தொடக்கத்தில் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் கட்டமைப்பு நம் படங்களுக்கு நேர் எதிரானது. ஸ்னோபோர்டு படத்தில் ‘பார்ட்’ என்று ஒரு மரபு உண்டு. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள், பெரும்பாலும் தனிப்பாட்டு ஒன்று. அந்த நேரத்துக்குள் அவருடைய நடை, அவர் தேர்ந்தெடுக்கும் சரிவு, அவர் விழும் விதம் எல்லாம் தெரிந்துவிடும். லியன் பெலோசி, ஹானா பீமன், ராபின் வான் ஜின், மரி-பிரான்ஸ் ராய் முதலான பலர் தோன்றினாலும் ஒருவர் இன்னொருவராக மாறிப்போவதில்லை. ‘பார்ட்’ கிடைப்பதே அந்த உலகில் ஒரு பட்டம். பெண்கள் தனியே படம் எடுத்ததற்கும் பெரும் படங்களில் அவர்களுக்குப் ‘பார்ட்’ கிடைக்காததே ஒரு காரணம். எந்த மலை, எந்த நாள், எந்த ஷாட் என்று தீர்மானிப்பதிலும் அவர்களின் கை இருந்தது.

அதற்காக அந்தப் படங்களைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. சரிவில் இறங்குகிறவள் யார், அவளுடைய குளிர்காலச் செலவை யார் கொடுக்கிறார்கள், மலைக்குப் போக முடியாத பெண்கள் எங்கே என்ற கேள்விகள் அங்கே அதிகம் எழுவதில்லை. ஹெலிகாப்டரும் விளம்பர நிறுவனங்களின் ஆதரவும் இருக்கிற உலகம் அது. சாகசத்துக்குப் பின் சாகசம், நடுவில் சிரிப்பு, மறுபடி சாகசம் என்று போய், பாதிக்கு மேல் புதியவனுக்குக் களைப்பு தட்டிவிடும். பணமும் வீடும் ஊரும் பேசப்படாத ஆட்டம் அது.

இரண்டையும் எதிரெதிரே வைத்தால் குறைகள் இடம் மாறி இருப்பது தெரிகிறது. அவர்களிடம் ஆட்டக்காரிக்கு அதிகாரம் இருக்கிறது, சமூகம் இல்லை. நம்மிடம் சமூகம் நிரம்பி வழிகிறது, ஆட்டக்காரிக்கு அதிகாரம் இல்லை. ‘பார்ட்’ மரபைக் கபடிக்குக் கடன் வாங்கினால் என்ன ஆகும்? தொடர் போட்டியின் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒவ்வொரு ஆட்டக்காரியின் கண்ணால் எடுக்கலாம். காலிறுதி மூலைக்காரியுடையது, அரையிறுதி மாற்று ஆட்டக்காரியுடையது. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பவளின் ஆசையும் பயமும் தமிழில் அதிகம் தொடப்படாத பொருள்.

6. உடன் வந்த படங்கள்

2018 டிசம்பர் முதல் 2019 அக்டோபர் வரை ஓராண்டுக்குள் தமிழில் பெண்கள் அணியை வைத்து மூன்று பெரிய படங்கள் வந்தன: ‘கனா’, ‘கென்னடி கிளப்’, ‘பிகில்’.

அருண்ராஜா காமராஜின் ‘கனா’ மூன்றிலும் ஒருத்தியின் மனத்துக்குள் அதிகம் போன படம். ஐஸ்வர்யா ராஜேஷின் கௌசல்யா தோல்வியைத் தானே விழுங்குகிறாள். அப்பா முருகேசனின் விவசாயத் துயரமும் அவளுடைய கிரிக்கெட்டும் இணையாக ஓடுவதால் கதைக்கு இரண்டு கால் கிடைத்திருக்கிறது. ஆனால் பிற்பாதியில் சிவகார்த்திகேயன் பயிற்சியாளராக வந்து ஊக்க உரை ஆற்றும்போது அங்கும் அதே நோய் எட்டிப்பார்க்கிறது. ‘பிகில்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது விஜய் படம், அப்படித்தான் வந்தது, அப்படித்தான் ஓடியது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண் திரும்பி வருவதை எழுதிய கையாலேயே பருமனான ஆட்டக்காரியை உருவம் சொல்லிக் கேலி செய்து உசுப்பும் காட்சியையும் எழுதியதுதான் உறுத்துகிறது.

ஒப்பீட்டுக்குத் தகுந்த படம் இந்தியில்தான் இருக்கிறது. அஸ்வினி ஐயர் திவாரி இயக்கி 2020 ஜனவரியில் வந்த ‘பங்கா’வும் கபடிதான். ஒருகாலத்தில் கேப்டனாக இருந்தவள் இப்போது ரயில்வே ஊழியர், ஒரு பையனுக்கு அம்மா. திரும்ப ஆட வருகிறாள். வில்லன் என்று யாருமில்லை. மூச்சும் வயதும் வீட்டு வேலையும் குற்ற உணர்ச்சியும்தான் எதிரணி. முடிவு ஒவ்வொன்றையும் அவளே எடுக்கிறாள். சில முடிவுகளில் தயங்குகிறாள், அந்தத் தயக்கத்துக்கும் படம் நேரம் ஒதுக்குகிறது. ஆனால் ஆட்டக்காட்சிகளில் ‘பங்கா’ ‘கென்னடி கிளப்’பிடம் தோற்கிறது. நாயகி கங்கனாவின் நடிப்பு நல்ல நடிப்பு; ஒட்டன்சத்திரத்துப் படத்தின் ஆட்டக்காரிகள் நடிக்கவே இல்லை, ஆடினார்கள். ‘பங்கா’வின் திரைக்கதையும் ‘கென்னடி கிளப்’பின் தோள்களும் ஒரே படத்தில் சேரவில்லை என்பது இந்தியக் கபடி சினிமாவின் இழப்பு.

7. இந்தச் சமவெளியில் எழுதப்படாதவை

திண்டுக்கல் வட்டாரத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணின் முன்னால் இருக்கும் கதவுகளில் பெரியது நூற்பாலை. வேடசந்தூர்ப் பக்கம் போனால் மில் பேருந்துகள் ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். மூன்றாண்டு உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்ற ‘சுமங்கலி’ வகைத் திட்டங்களின் கெட்ட பெயர் தெரிந்ததே. திண்டுக்கல் அருகே ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி கொலையுண்டபின், பெண்கள் தலைமை ஏற்ற தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கு எதிராக ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகம் அறிந்த உடன்படிக்கையை வாங்கியது. அதுவும் ஓர் அணிதான். அங்கேயும் முடிவெடுத்தது உள்ளே இருந்தவர்கள். மில் விடுதியில் தங்கி, ஷிப்ட் முடித்துக் கபடி ஆடும் பெண்ணைப் பற்றிய படம் இன்னும் வரவில்லை. ‘கென்னடி கிளப்’ வறுமையைக் காட்டியது. அந்த வறுமை எந்த வேலையில் எத்தனை மணிநேரமாக இருக்கிறது என்று காட்டவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. அதே வாரங்களில் கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தது. கபடிக்காரனின் சாதியைப் பற்றி, அவன் ஊரைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேச ஆண் கபடிக்குப் படம் கிடைத்துவிட்டது. மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து இந்திய அணி வரை வந்த பெண்ணின் பாதையில் சாதி எங்கே, இடம் எங்கே, மைதானம் எங்கே என்று கேட்கும் படம் பாக்கி இருக்கிறது. ‘கென்னடி கிளப்’ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொன்று. 2018 ஆகஸ்ட் 24, ஜகார்த்தா. அதற்கு முன் நடந்த இரண்டு ஆசியப் போட்டிகளிலும் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணி இறுதியாட்டத்தில் ஈரானிடம் 24–27 என்று தோற்றது. ஈரான் அணியின் பயிற்சியாளர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். சொந்த நாட்டு அணியை வீழ்த்திய அணிக்கு உத்தி சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்தியப் பெண். ஐந்தாண்டு கழித்து ஹாங்சோவில் சீனத் தைபேயை 26–25 என்று ஒரே புள்ளியில் வென்று இந்தியா தங்கத்தை மீட்டது. தேர்வு முறை மேல் வழக்கு, அதே மாதத்தில் தோல்வி, எதிரணியின் பெஞ்சில் நம்மூர்ப் பயிற்சியாளர், பின் மீட்சி: நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் பதிவேட்டிலேயே இருக்கின்றன. தமிழ்த் திரைக்கதைக்கு இதில் ஒரே ஒரு சிக்கல்தான். பயிற்சியாளர் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார்.